தண்ணீர் சூழாத தீவு

தீவு என்றால் என்ன?

பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால், யோசிக்காமல் சொல்லிவிடும்: "நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம்."

சரியான விடைதான். ஆனால் அது பாடப் புத்தகத்து விடை. தீவில் குடியிருக்கிறவனைக் கேட்டுப் பாருங்கள். "அவசரத்துக்கு அக்கரை போக முடியாத இடம்" என்பான்.

இராமேசுவரம் ஒரு தீவு. ஒரு காலத்தில் காசிக்குப் போகிறவனும் இராமேசுவரம் போகிறவனும் வீட்டில் சொல்லிக்கொண்டு, அழுதுவிட்டுத்தான் புறப்படுவான். 1914-ல் பாம்பனில் ரயில் பாலம் வந்தது. 1988-ல் சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரலில் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது. இப்போது ரயிலில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் இராமேசுவரம். சுற்றிலும் கடல் இருக்கிறது. ஆனால் அது இன்று பெயருக்குத்தான் தீவு!

இன்னொரு தீவு இருக்கிறது. அது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிக் கடல் இல்லை. ஆனால் அதன் சில மூலைகளில் இருப்பவர்களுக்கு, அவசரத்துக்கு அக்கரை போக இன்றைக்கும் வழி இல்லை.

அதுதான் ஜவ்வாது மலை. அதன் நடு ஊர் ஜமுனாமரத்தூர்.

மலைகளின் கூட்டம்

மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட சுவர் போல நிற்கும். கிழக்குத் தொடர்ச்சி மலை அப்படி அல்ல. அதை ஆறுகள் அறுத்துத் துண்டு துண்டாக்கிவிட்டன. ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், பச்சை மலை, கொல்லி மலை எல்லாம் அந்தத் துண்டுகள்தான். கடலில் தீவுக் கூட்டம் நிற்பதைப் போல, இவை சமவெளியில் தனித்தனியே நிற்கின்றன.

ஜவ்வாது மலையைச் சிலர் சவ்வாது மலை என்று எழுதுவார்கள். எப்படி எழுதினாலும் மலை ஒன்றுதான். ஆனால் அதை ஆளுகிற மாவட்டம் மூன்று! திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர். முன்பு எல்லாம் சேர்ந்து ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தன. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் திருப்பத்தூர் பிரிந்தது. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் மனுக் கொடுக்க வெவ்வேறு கலெக்டரிடம் போகவேண்டியிருக்கிறது.

போளூரிலிருந்து பஸ் ஏறினால், வளைந்து வளைந்து மலை மேல் போகலாம். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆலங்காயம், காவலூர் வழியாக வருவார்கள். மலையின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல். சில இடங்களில் மூவாயிரம் அடியையும் தாண்டும். ஊட்டியைப் போல நடுங்க வேண்டாம்; வேலூரைப் போல வேகவும் வேண்டாம்.

ஊர்ப் பெயர்களே பல இடங்களில் மரப் பெயர்கள்தான். பலாமரத்தூர், அத்திமரத்துக்கொல்லை என்று இருக்கும். ஜமுனாமரத்தூர் என்ற பெயருக்குள்ளும் மரம் இருப்பதைக் கவனியுங்கள்.

தண்ணீர் கீழே போகிறது

இந்தத் தீவைத் தண்ணீர் சூழவில்லை என்றோம். ஆனால் தண்ணீர் இங்கிருந்துதான் புறப்படுகிறது.

சேயாறு இந்த மலையில் பிறக்கிறது. செங்கத்துப் பக்கமாக இறங்கி, நெடுந்தூரம் ஓடிப் பாலாற்றில் சேருகிறது. கமண்டல நதியும் நாக நதியும் இங்கே பிறந்தவைதான். குப்பநத்தம் அணை, செண்பகத்தோப்பு அணை, மிருகண்டா நதி அணை — மூன்றிலும் தேங்குவது ஜவ்வாது மலையில் பெய்த மழை.

அந்தத் தண்ணீரில் கீழே நெல் விளைகிறது. ஆரணி அரிசி என்றால் யாருக்குத் தெரியாது? அந்த ஆரணியும் கமண்டல நாக நதிக் கரையில் இருக்கிற ஊர்தான்.

மலையில் பெய்த மழை கீழே அரிசியாகிறது. மலையில் இருப்பவன் வானம் பார்த்த காட்டில் சாமை விதைக்கிறான்.

ஏழு பேரும் ஏழு நாய்களும்

இந்த மலையின் ஆதிக் குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ்தான்.

இவர்கள் எப்படி மலைக்கு வந்தார்கள்? அதற்கு ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து அதிகாரிகள் அதைக் கேட்டு எழுதி வைத்தார்கள். 1909-ல் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னாட்டு ஜாதிகள் பற்றிய பெரிய நூலிலும் அது இருக்கிறது.

கங்குந்தி என்ற இடத்து வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர்கள் ஏளனம் செய்து அனுப்பிவிட்டார்கள். கோபம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெண்களை மீட்க ஏழு ஆண்கள் புறப்பட்டார்கள். கூடவே ஏழு நாய்கள். போகும்போது மனைவிமாரிடம், "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால், நாங்கள் இறந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். காரியம் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாலாற்றில் வெள்ளம்! ஏழு பேரும் தட்டுத் தடுமாறி நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்தின. பிறகு பயந்து திரும்பின. நேரே காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தன.

நாய்களைப் பார்த்ததும் வீட்டில் ஒப்பாரி எழுந்தது. தாலி அறுத்தார்கள். காரியமும் முடித்தார்கள்.

ஏழு பேரும் வேடர்களை வென்று, ஊர் திரும்பினார்கள். வீட்டு வாசலில் நின்றார்கள். என்ன பயன்? அவர்கள்தான் 'செத்துப்' போய்விட்டார்களே! காரியம் நடந்தவனை மறுபடி எப்படி வீட்டுக்குள் சேர்ப்பது? ஊர் தள்ளி வைத்துவிட்டது. ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள். காடு திருத்திப் பயிர் செய்தார்கள். அவர்கள் வழி வந்தவர்களே மலையாளிகள் என்பது கதை.

இதில் எவ்வளவு உண்மை? அந்த நாய்களைத்தான் கேட்கவேண்டும்! கதை எப்படியும் இருக்கட்டும். உயிரோடு வந்து நிற்கிறவனைக் கீழே இருப்பவர்கள் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள் என்ற ஒரு விஷயம் மட்டும் மனத்தில் நிற்கிறது.

நாய்களைப் பழிக்கவேண்டாம். இதே மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். அதில் ஒரு வீரனும் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். எஜமான் விழுந்தபிறகும் ஓடாமல் நின்று திருடர்களைக் கடித்த நாய் அது. கோவிவன் என்று அதன் பெயரைக்கூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் வாழ்கிறது!

பழைய மலை

அந்த ஏழு பேருக்கு வெகு காலம் முன்பே இந்த மலையில் மனிதர்கள் இருந்தார்கள். புதிய கற்காலத்துக் கல் கோடரிகள் இங்கே கிடைத்திருக்கின்றன. கீழ்ச்செப்பிளி அருகே குன்றின்மேல் கற்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, இறந்தவர்களுக்காக எழுப்பியவை. இப்படிப்பட்டவற்றைத் தமிழ்நாட்டில் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்வார்கள். சங்க காலத்தில் மலையடிவாரத்துச் செங்கத்தில் நன்னன் ஆண்டான். மலைபடுகடாம் என்ற நூல் அவன் நாட்டையும் சேயாற்றையும் பற்றிச் சொல்கிறது. வழி தெரியாத கூத்தருக்கு மலைக்குடிகள் சோறு போட்டதையும் அது சொல்கிறது.

மலையாளிகளின் வழக்கங்களில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். இவர்களிடம் பழைய வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பரியம் கொடுக்கவேண்டும். புருஷனை இழந்தவள் மறுமணம் செய்துகொள்ளலாம். வரதட்சணைக்காக வீட்டை அடமானம் வைக்கிற கீழ்நாட்டார், இவர்களைப் பார்த்து 'நாகரிகம் தெரியாதவர்கள்' என்கிறார்கள்!

சந்தனம் போயிற்று

ஜவ்வாது மலை என்றால் ஒரு காலத்தில் சந்தனம்.

சந்தன மரம் விசித்திரமான மரம். தனியாக நன்றாக வளராது. தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரோடு கோத்து, அதிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாசனை மரம் முழுவதும் இராது. நடு வைரத்தில்தான் இருக்கும். அந்த வைரம் ஏறப் பல பத்து ஆண்டுகள் ஆகும். திருப்பத்தூரில் சர்க்கார் சந்தனக் கிடங்கு இருக்கிறது. அங்கே ஏலம் நடக்கும்.

இவ்வளவு காலம் எடுத்து வளர்ந்த மரத்தைத் திருடர்கள் ஒரு ராத்திரியில் சாய்த்தார்கள். மலைக்காரனுக்குக் கிடைத்தது வெட்டுக் கூலி. பணம் பார்த்தவன் கீழே இருந்தான். பழைய சந்தனக் காடு இன்று இல்லை.

சந்தனம் போயிற்று. கோடரி பிடித்த கை மட்டும் மிஞ்சியது. அந்தக் கையைத் தேடித் தரகர்கள் வந்தார்கள்.

ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் இருக்கிறது. அதற்கு வெளிநாடுகளில் பெரிய விலை. வெட்டுவது குற்றம். வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும். "மரம் வெட்டும் வேலை, நல்ல கூலி" என்று ஆசை காட்டி அழைத்துப் போனார்கள்.

2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமைச் சங்கங்கள் அதை மறுத்தன. எது எப்படியானாலும், செம்மரத்தை வாங்கி விற்கிற பெரும் புள்ளி ஒருவன்கூட அந்த இருபது பேரில் இல்லை.

செய்தது தவறு இல்லையா என்று சிலர் கேட்கலாம். தவறுதான். ஆனால் ஒரு கேள்வி. சொந்தக் காட்டுச் சாமைக்கு நியாய விலை கிடைத்திருந்தால், அவன் அடுத்த மாநிலத்துக் காட்டுக்குப் போயிருப்பானா?

சாமையின் கணக்கு

சாமைக்கு அதிகத் தண்ணீர் வேண்டாம். சரிவான மேட்டிலும் மெல்லிய மண்ணிலும் விளையும். மூன்று நான்கு மாதத்தில் அறுவடை. குறை ஒன்றுதான். உமி நீக்குவது பெரும்பாடு. உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடிக்கவேண்டும். பெண்களின் தோள்பட்டை இறங்கிவிடும்.

அதனால் உமியோடு விற்றுவிடுகிறார்கள். அறுவடை சமயத்தில் கையில் காசு இராது. கேட்ட விலைக்குப் போகும். அதே சாமை உமி நீங்கி, அழகான பொட்டலத்தில் ஏறி, சென்னைக் கடையில் 'சிறுதானியம்' என்ற பெயரோடு உட்காருகிறது. விலையைப் பார்த்தால் விளைவித்தவனே மயங்கி விழுவான். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. டாக்டர்களும் சாமை சாப்பிடச் சொல்கிறார்கள். ஊரெல்லாம் சாமைக்கு மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையில் பாதியாவது காசாக மலை ஏறவேண்டும்.

அதற்கு வழி தெரியாமல் இல்லை. உமி நீக்கும் இயந்திரம் மலையிலேயே, எட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும். உழவர்களே கூட்டாகச் சேர்ந்து விற்கவேண்டும். புளிக்கும் தேனுக்கும் பலாவுக்கும் இதே கணக்குத்தான்.

நட்சத்திரமும் பாதையும்

ஜவ்வாது மலையின் இருட்டுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதைக் கண்டவர் வானவியல் அறிஞர் வைணு பாப்பு. நகர விளக்கு எட்டாத கறுத்த வானம் அவருக்குத் தேவைப்பட்டது. காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இங்கிருந்து வடக்கு வானத்தையும் தெற்கு வானத்தின் பெரும் பகுதியையும் பார்க்கலாம். 1968-ல் சிறிய தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர் விஞ்ஞானிகளும் உண்டு. 1988-ல் இங்கே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, நம் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். ஏழரை அடிக்கு மேல் அகலமுள்ள கண்ணாடியோடு, நம் நாட்டிலேயே செய்த பெரிய தொலைநோக்கி இங்கே நிற்கிறது. பாவம், அது முடிவதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-ல் காலமானார். 1986-ல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

கோடானு கோடி மைல் தூரத்தை இந்த மலையிலிருந்து பார்க்க முடிகிறது. பத்து மைல்?

2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம், இதே மலைத்தொடரில் அல்லேரி மலை. அங்கே அத்திமரத்துக்கொல்லை என்ற சிற்றூர். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சரியான பாதை இல்லை. குழந்தை இறந்துபோயிற்று. திரும்பும்போதும் அதே கதைதான். பாதை முடிந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பெற்ற தாய் தன் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மைல் கணக்கில் மலை ஏறி நடந்தாள்.

இதற்குமேல் என்ன எழுதுவது? தீவு என்றால் இதுதான்.

சாலை போடாததற்குக் காரணம் கேட்டால், "காட்டு இலாகா அனுமதி" என்று பதில் வரும். காட்டைக் காப்பாற்றவேண்டியதுதான். நாம் அதற்கு விரோதி அல்ல. ஆனால் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், அங்கன்வாடி, சாலை போன்ற வசதிகளுக்காகக் காட்டு நிலத்தைத் தரலாம் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்கவேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்குமேல் வெட்டக்கூடாது. கிராம சபை சிபாரிசு செய்யவேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. கிராம சபை கூடித் தீர்மானம் போட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் மேஜைக்கு மேஜை படுத்துத் தூங்குகிறது.

மூன்று மாவட்டக் கலெக்டர்களும் ஒருநாள் ஒன்றாக உட்காரட்டும். மலையில் வண்டி போகாத குடியிருப்புகள் எவை எவை என்று ஊர் ஊராக ஒரு ஜாபிதா எடுக்கட்டும். அதைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். எந்த ஊருக்கு எந்த வருஷம் சாலை என்று பக்கத்திலேயே எழுதட்டும்.

ஒரு பெண் ஜட்ஜ்

ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்தவர் ஸ்ரீபதி. மலையாளிப் பெண். ஏலகிரி மலையில் படித்து, பிறகு சட்டம் படித்தார். 2023-ல் சிவில் நீதிபதி தேர்வு வந்தபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவமான இரண்டாம் நாள், பச்சை உடம்போடு சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. தேறிவிட்டார்! அப்போது அவருக்கு வயது 23. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களில் முதல் சிவில் நீதிபதி என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தப் பெண்ணின் துணிச்சலை மெச்சுவோம். ஆனால் அவருடைய பள்ளிப் படிப்பு எங்கே நடந்தது என்பதையும் பாருங்கள். சொந்த மலையில் அல்ல, பக்கத்து மலையில். ராத்திரி மலையிலேயே தங்குகிற வாத்தியார் வேண்டும். வாத்தியார் தங்க வீடு வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீடு திரும்ப மாலையில் ஒரு பஸ் வேண்டும். இவை பெரிய திட்டங்கள் அல்ல.

போகிறவர்களுக்கு

லீவு விட்டால் குடும்பத்தோடு ஜமுனாமரத்தூர் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கோடை விழா நடக்கிற சமயத்தில் கூட்டம் தாங்காது. பீமன் அருவி இருக்கிறது. கோமுட்டேரியில் படகு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காவலூரை வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

காலி பாட்டிலை அருவியில் போட்டுவிட்டு வராதீர்கள். கை வீசிக்கொண்டும் திரும்பாதீர்கள். சாமையும் தேனும் புளியும் மலையிலேயே, விளைவித்தவர்களிடமே வாங்குங்கள். பேரம் பேசவேண்டாம்.

சாமை சமைக்கத் தெரியாதே என்று இல்லத்தரசிகள் தயங்கவேண்டாம். கல் அரித்து, கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். ஒரு ஆழாக்கு சாமைக்கு இரண்டு ஆழாக்கு தண்ணீர் கொதிக்கவிட்டுப் போடுங்கள். அடுப்பைத் தணித்து மூடி வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். மோர் விட்டுப் பிசைந்தால் பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்கும்.